உடம்பைக் கவனிக்கக் கற்றுக்கொள்ள: அலெக்சாண்டரா, ஃபெல்டன்கிரைஸா, யோகாவா?

கழுத்து வலி, குறுக்கு வலி என்று மருத்துவரிடம் போகிறோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "பெரிதாக ஒன்றும் இல்லை, உட்காரும் விதத்தைக் கவனியுங்கள்" என்று அனுப்பிவைக்கிறார். ஒரு வாரம் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம். அப்புறம் வேலை மும்முரத்தில் முதுகு பழையபடி வளைந்து, முகம் திரையை நோக்கி நீண்டுவிடுகிறது. எதைக் கவனிப்பது, எப்படிக் கவனிப்பது, யாரிடம் கற்றுக்கொள்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

கற்றுத்தரும் முறைகள் இல்லாமல் இல்லை. அலெக்சாண்டர் முறை, ஃபெல்டன்கிரைஸ் முறை, யோகா என்று பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதால்தான் தேர்ந்தெடுப்பது சிரமமாகிறது. அவற்றை நான் எப்படி எடைபோடுகிறேன், யாருக்கு எதைச் சொல்வேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நாலைந்து தடவை கால் மாற்றி மிதியுங்கள். பிறகு இரண்டு பாதமும் நேராக முன்னோக்கி இருப்பதாக உங்களுக்குத் தோன்றும்படி நின்றுகொள்ளுங்கள். இப்போது கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தால், பலருக்கும் ஒரு பாதமாவது வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். சரி என்று அதை நேராக்கினால், அந்தக் கால் உள்பக்கம் கோணிக்கொண்டது போலத் தோன்றும். கண் நேர் என்று சொல்வதை உடம்பின் உணர்வு கோணல் என்று சொல்கிறது.

இந்தச் சின்னக் குழப்பத்தில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமலே நமக்குச் சொல்ல உடம்புக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. தசைகளுக்குள் இருக்கும் நுண்ணிய உணரிகள் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கின்றன. தசைநாண்களில் இருப்பவை இழுவிசையைத் தெரிவிக்கின்றன. ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-இல் இந்தப் புலனுக்கு 'புரோப்ரியோசெப்ஷன்', அதாவது நிலையுணர்வு, என்று தனிப் பெயரே கொடுத்தார். இதற்கு அடிப்படையான பியேசோ2 என்ற புரதத்தைக் கண்டறிந்ததற்காகவும்தான் ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தப் புலன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இயன் வாட்டர்மேன் என்ற இங்கிலாந்துக்காரரின் வாழ்க்கையே சான்று. 1971-இல், 19 வயதில், ஒரு தொற்றுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் இந்த நிலையுணர்வும் அவருக்குப் போய்விட்டன. தசைகளுக்கு வலு இருந்தும் நிற்க முடியவில்லை. பல மாத முயற்சிக்குப் பிறகு, ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் அப்படியே சரிந்து விழுந்துவிடுவார்.

நமக்கு அந்தப் புலன் இருக்கிறது. ஆனால் வருஷக்கணக்காக ஒரே மாதிரி நின்றும் உட்கார்ந்தும் பழகியதில், பழகிய நிலையையே 'இதுதான் நேர்' என்று அது முடிவு கட்டிவைத்திருக்கிறது. அதனால்தான் 'நிமிர்ந்து உட்கார்' என்ற கட்டளை வேலை செய்வதில்லை. நிமிர்ந்திருக்கிறோமா என்று சரிபார்க்க வேண்டிய உணர்வே தப்பாகச் சொல்லும்போது, கட்டளையை எதை வைத்து நிறைவேற்றுவது? ஆகவே எந்த முறையைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது எனக்கு ஒரு வடிவத்தைத் தருகிறதா, அல்லது என் உணர்வைத் தீட்டுகிறதா?

வடிவத்தை ஏன் நம்பவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். கூன் போட்டு உட்காருபவர்கள் எல்லாருக்கும் வலி வருவதில்லை. கம்பு மாதிரி உட்காருபவர்கள் எல்லாரும் தப்பித்துவிடுவதும் இல்லை. இதுதான் சரியான தோரணை என்று ஒன்றைக் காட்டி, அப்படி இருந்தால் வலியே வராது என்று நிரூபிக்கும் வலுவான ஆதாரம் கிடையாது. எந்த நிலையானாலும் அசையாமல் நெடுநேரம் அதிலேயே இருப்பதுதான் தொந்தரவு. அது தொந்தரவாக மாறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளும் உணர்வு வேண்டும்.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால், தோளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் பெல்ட்டும், குனிந்தால் அதிரும் சின்னக் கருவியும், அரை மணிக்கு ஒரு தடவை மணியடிக்கும் செயலியும் முதலிலேயே பின்தங்கிவிடுகின்றன. பெல்ட் உங்கள் வேலையை அது செய்கிறது. கழற்றியதும் தோள் பழைய இடத்துக்கே போய்விடும். அதிரும் கருவி ஒரு கோணத்தை மட்டும் அளக்கிறது. அது அதிராமல் இருக்க நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து உட்கார்ந்திருந்தாலும் அதற்குத் திருப்திதான். மணியடிக்கும் செயலி எழுந்து நடக்க நினைவூட்டும் அளவுக்குப் பயன்படும், அவ்வளவே.

அலெக்சாண்டர் முறை

ஃபிரெடரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர் 1869-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகப் பகுதிகளைப் பாராயணம் செய்வது அவர் தொழில். மேடையேறினால் குரல் கம்மிப்போகும். மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொன்னார், எடுத்தார், சரியானது. மறுபடி மேடையேறியதும் மறுபடி கம்மியது. சாதாரணமாகப் பேசும்போது வராத கோளாறு பாராயணத்தில் மட்டும் வருகிறதென்றால், பாராயணம் செய்யும்போது நான் எதையோ செய்கிறேன் என்று யோசித்தார். கண்ணாடிகளை வைத்துத் தன்னையே பார்க்கத் தொடங்கினார். வாயைத் திறக்கும்போது தலையைப் பின்னுக்கு இழுக்கிறார், குரல்வளையைக் கீழே அழுத்துகிறார், வாய் வழியாகச் சத்தத்தோடு மூச்சை உறிஞ்சுகிறார் என்பது தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். தலையை முன்னே கொண்டுவர முயன்றார். கொண்டுவந்துவிட்டதாகவே உணர்ந்தார். கண்ணாடியில் பார்த்தால் தலை இன்னும் பின்னுக்கே இழுபட்டுக்கொண்டிருந்தது. நம் பாதச் சோதனையில் பார்த்த அதே சங்கதிதான். உணர்வை நம்பித் திருத்த முடியாது என்று கண்டதும், அவர் வழியையே மாற்றிக்கொண்டார். சரியானதைச் செய்ய முயல்வதற்குப் பதிலாக, தப்பானது தொடங்கும் அந்தக் கணத்தில் அதை விட்டுவிடப் பழகினார்.

இதை வீட்டிலேயே கொஞ்சம் ருசி பார்க்கலாம். கையில்லாத நாற்காலி ஒன்றில் முன்னால் தள்ளி உட்காருங்கள். ஒரு கையைப் பிடரியில் லேசாக வையுங்கள். எப்போதும் போல எழுந்திருங்கள். எழும்பும் முன்பே பிடரித் தசை இறுகி, முகவாய் மேலே தூக்கி, தலை பின்னால் சாய்வது கைக்குத் தெரியும். மறுபடி உட்காருங்கள். இப்போது எழ வேண்டும் என்று நினையுங்கள், ஆனால் எழாதீர்கள். நினைத்த மாத்திரத்திலேயே பிடரி இறுகுகிறது பாருங்கள். 'எழப் போவதில்லை' என்று உங்களுக்கு நீங்களே சொல்லி அந்த இறுக்கம் தளரும் வரை இருங்கள். இதை நிதானமாகப் பல முறை செய்த பிறகு, பிடரி தளர்ந்தபடியே இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து எழுந்தால், முன்னைக்கு இப்போது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

வகுப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான். அரை மணி நேரம் அல்லது முக்கால் மணி நேரம், ஒருவருக்கு ஓர் ஆசிரியர். உட்காருவது, எழுவது, நடப்பது, மேஜையில் மல்லாந்து படுப்பது ஆகியவற்றைச் செய்யும்போது ஆசிரியரின் கை உங்கள் தலையிலும் கழுத்திலும் முதுகிலும் லேசாகப் பட்டுக்கொண்டிருக்கும். உங்கள் உணர்வு தப்பாகச் சொல்லும் இடத்தில் அந்தக் கை சரியான தகவலைத் தருகிறது. கண்ணாடியால் முடியாத வேலை அது. ஆசிரியர் ஆவதற்கு மூன்று வருஷம், 1600 மணி நேரம் பயிற்சி என்பது பல நாட்டுச் சங்கங்களின் விதி.

ஆதாரத்தில் இந்தப் பட்டியலிலேயே வலுவான ஒன்று இதற்கு இருக்கிறது. 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், நாள்பட்ட முதுகுவலி உள்ள 579 பேரைப் பல பிரிவுகளாகப் பிரித்தார்கள். ஒரு வருஷம் கழித்து, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்கள் நாலு வாரத்தில் 21 நாள் வலியோடு இருந்தார்கள். 24 அலெக்சாண்டர் பாடங்கள் பெற்றவர்களுக்கு அது 3 நாள். இவை நடுமதிப்புகள். ஆறே பாடமும் கூடவே நடைப்பயிற்சிப் பரிந்துரையும் பெற்றவர்களுக்கும் பலன் நன்றாகவே இருந்தது. மசாஜ் பெற்றவர்களுக்கு ஒரு வருஷத்தில் பலன் மங்கிவிட்டது. 2015-இல் கழுத்து வலி உள்ள 517 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்விலும் இந்தப் பாடங்கள் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களைவிட நல்ல பலனைக் கொடுத்தன.

அப்படியானால் எல்லாரும் இதற்கே போய்விடலாமே என்றால், தடையாக நிற்பது ஆசிரியர்தான். லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கிலேயே இது கற்றுத்தரப்படுகிறது. நியூயார்க் ஜூலியார்டிலும் உண்டு. தமிழ்நாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியரைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஆசிரியரின் கை இல்லாமல் இணையத்தில் காணொளி பார்த்துக் கற்றால் இந்த முறையின் உயிர்நாடியே போய்விடும். தனி வகுப்பு என்பதால் செலவும் அதிகம். லண்டன், டொராண்டோ, மெல்போர்ன், சிட்னி என்று வெளிநாட்டில் வசிக்கும் தமிழர்களுக்கு, அதுவும் பாடுபவர்கள், வயலின் வாசிப்பவர்கள், நாள் முழுக்கப் பேசும் ஆசிரியர்களுக்கு, நான் தயங்காமல் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஃபெல்டன்கிரைஸ் முறை

மோஷே ஃபெல்டன்கிரைஸ் 1904-இல் இன்றைய உக்ரைனில் பிறந்தவர். பாரிஸில் இயற்பியல் படித்து, ஜோலியோ-கியூரியின் ஆய்வகத்தில் வேலை செய்தார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவை 1933-இல் சந்தித்து, ஃபிரான்ஸில் ஜூடோ பரவக் காரணமானவர்களில் ஒருவரானார். கால்பந்தில் பட்ட முழங்கால் அடி பின்னாளில் நடக்கவே விடாமல் செய்தபோது, அறுவை சிகிச்சையை நம்பாமல் தன் நடையைத் தானே ஆராய ஆரம்பித்தார். இஸ்ரேலின் முதல் பிரதமர் பென்-குரியன் அவருடைய மாணவர். பென்-குரியன் எழுபது வயதில் தலைகீழாக நின்ற படம் உலகம் முழுக்கப் பிரபலம்.

ஃபெல்டன்கிரைஸின் முறை இரண்டு வகை. ஆசிரியர் கையால் தொட்டுச் சொல்லித் தரும் தனிப் பாடம் ஒன்று. வாயால் சொல்லச் சொல்ல, கேட்பவர் தரையில் படுத்துக்கொண்டு செய்யும் பாடம் மற்றொன்று. இந்த இரண்டாவது வகைதான் நம் ஊருக்குப் பெரிய வரம். இதில் ஆசிரியர் செய்து காட்டுவதில்லை. பார்த்துச் செய்ய ஒன்றுமே இல்லை. காதால் கேட்டு உடம்பால் தேட வேண்டும். ஆகவே ஒலிப்பதிவு போதும்.

இதன் அடிப்படைக் கொள்கை: முயற்சி குறையக் குறைய உணர்வு கூடும். தலையில் அரிசி மூட்டை சுமப்பவருக்கு மூட்டையின் மேல் ஒரு வாழைப்பழத்தை வைத்தால் தெரியப் போவதில்லை. உள்ளங்கையில் ஓர் இலையை மட்டும் வைத்திருப்பவருக்கு அதன் மேல் எறும்பு ஏறினாலும் தெரியும். அதனால்தான் அசைவுகள் மிகச் சிறியவை, மெதுவானவை. வலிக்கும் அளவுக்குப் போகவே கூடாது என்பது விதி.

இடுப்புக் கடிகாரம் என்ற பாடம் இவற்றில் பிரசித்தம். பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். இடுப்பின் பின்பக்கத்துக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு கடிகார முகப்பு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதுகு தொடங்கும் மேல்பக்கம் 12, வால் எலும்புப் பக்கம் 6. இடுப்பை மெல்ல உருட்டி எடை 12-க்குப் போகட்டும். குறுக்கு பாயில் படியும். பிறகு 6-க்கு, குறுக்கு லேசாக எழும்பும். கொஞ்ச நேரம் இப்படிப் போய் வந்ததும் 3, 9 என்று பக்கவாட்டில். அப்புறம் 12-இலிருந்து 1, 2, 3 என்று ஒவ்வொரு எண்ணாகச் சுற்றி வாருங்கள். ஏதோ ஓர் இடத்தில், பலருக்கும் ஒரு பக்கத்தில் மட்டும், வட்டம் வட்டமாக இல்லாமல் 4-இலிருந்து 7-க்குத் தாவும். நடுவிலுள்ள 5-உம் 6-உம் உங்கள் உடம்பின் வரைபடத்திலேயே இல்லை. அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். வட்டத்தை இன்னும் சின்னதாக்கி, அந்த இடத்தில் தாடை இறுகுகிறதா, மூச்சு நிற்கிறதா என்று பாருங்கள். நடுநடுவே காலை நீட்டி ஓய்வெடுங்கள். முடிந்ததும் எழுந்து நடந்தால் பாதம் தரையில் பதியும் விதமே மாறியிருக்கும். முதல் தடவை செய்பவர்கள் ஆச்சரியப்படும் இடம் இது.

இதன் பலவீனமும் அங்கேதான். பாயில் கிடைத்த அந்த மாற்றம் பேருந்துக்கு ஓடும்போது எங்கே போகிறது? சிலருக்கு ஒட்டிக்கொள்கிறது, சிலருக்கு மாலைக்குள் கரைந்துவிடுகிறது. அலெக்சாண்டர் முறை நாற்காலியில், நடையில், பேச்சில் நேரடியாகக் கை வைக்கிறது. இது சுற்றிவளைத்து வருகிறது. ஆய்வுகளும் சிறியவைதாம். வயதானவர்களின் சமநிலையில் முன்னேற்றம் இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அதைத் தாண்டி உறுதியாகச் சொல்ல முடியாது. அப்புறம், உடற்பயிற்சியில் வியர்வை வந்தால்தான் மனசு நிறையும் என்பவர்களுக்கு இது சலிப்பூட்டும். அவர்களை வற்புறுத்துவதில் பயனில்லை.

பாடங்களின் ஒலிப்பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் சரளமாக வராத அப்பா அம்மாவுக்கு வேண்டுமென்றால், ஒரு பாடத்தைக் கேட்டு, உங்கள் குரலில் தமிழில் சொல்லி, கைபேசியில் பதிந்து கொடுங்கள். பழகிய குரல் என்பதால் அவர்கள் இன்னும் நன்றாகச் செய்வார்கள்.

யோகா: எந்த வகுப்பு என்பதைப் பொறுத்தது

நம் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இதுதான். ஆனால் 'யோகா' என்ற ஒரே பெயரில் நேர் எதிரான அனுபவங்கள் கிடைக்கின்றன. முப்பது நாற்பது பேரை நிறுத்தி, ஒலிபெருக்கியில் எண்ணிக்கை சொல்லி, சூரிய நமஸ்காரத்தை வேகமாக ஓட்டும் வகுப்பு நல்ல உடற்பயிற்சி. உடலுணர்வுக்கு அது பெரிதாக உதவாது. பழகிய கோணலோடுதான் அந்த நமஸ்காரத்தையும் செய்வீர்கள்.

மைசூர் அரண்மனையில் யோகா கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்கள் வழியில் வந்த இரண்டு மரபுகள் இந்த விஷயத்தில் தனித்து நிற்கின்றன. ஒன்று பி.கே.எஸ். ஐயங்காருடையது. 1918-இல் கர்நாடகத்தின் பெல்லூரில் பிறந்து, புணேவில் 1975-இல் தன் நிறுவனத்தைத் திறந்தவர். மரக்கட்டை, பட்டை, நாற்காலி, சுவரில் கட்டிய கயிறு என்று துணைக்கருவிகளை வைத்து, மடங்காத உடம்பும் ஆசனத்துக்குள் வர வழி செய்தார். தாடாசனம் என்று சும்மா நிற்பதிலேயே கட்டைவிரல் மேடு, சுண்டுவிரல் மேடு, குதிகாலின் உள் ஓரம், வெளி ஓரம் என்று எடை எங்கெங்கே இறங்குகிறது எனக் கேட்பார்கள். கவனத்தை உடம்பின் மூலைமுடுக்கெல்லாம் அனுப்பப் பழக்கும் பயிற்சி அது. 2011-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், குறுக்கு வலி உள்ள 313 பேரில் 12 வாரம் யோகா செய்தவர்களுக்கு அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் கூடியது. வலியின் அளவில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அது மிகைப்படுத்தவில்லை. இந்த மரபில் நான் எச்சரிக்கையாக இருக்கும் இடம் ஒன்று உண்டு: திருத்தங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகின்றன. சில ஆசிரியர்களிடம் 'சரியான வடிவம்' என்பதே குறிக்கோளாகி, மாணவர் தன் உணர்வை விட்டுவிட்டு ஆசிரியரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

மற்றொன்று, கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் வழியாகப் பரவியது. ஆசனத்துக்கு ஆள் என்றில்லாமல் ஆளுக்கு ஆசனம். தனித்தனியாகப் பார்த்து, வயது, வேலை, நோய்க்குத் தக்கபடி பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரிசை அமைத்துக் கொடுப்பார்கள். மூச்சு முதலில் தொடங்கும், கை அதன் பின்னால் எழும். கை நின்ற பிறகுதான் மூச்சு முடியும். இது சின்ன ஏற்பாடாகத் தெரியலாம். ஆனால் மூச்சு தடுக்கினால் முயற்சி கூடிப்போய்விட்டது என்று ஆசிரியர் இல்லாமலே தெரிந்துவிடுகிறது. குடம் தூக்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் அதே அடையாளம் கூட வரும். சென்னையிலோ சுற்றுவட்டாரத்திலோ இருப்பவர்களுக்கு, ஒரு முறையை மட்டும் சொல் என்றால் நான் இந்த மரபில் பயின்ற ஆசிரியரிடம் போகச் சொல்வேன்.

உட்கார்ந்தபடியே கவனிப்பது

ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில், படுத்துக்கொண்டு கால் விரலிலிருந்து உச்சந்தலை வரை கவனத்தை நகர்த்தும் பகுதி உண்டு. கோயங்கா மரபின் பத்து நாள் விபாசனா தியான முகாமிலும், வேறு முறையில், உடம்பின் உணர்ச்சிகளை அங்கம் அங்கமாகப் பார்ப்பதுதான் மையம். முகாமுக்குக் கட்டணம் கிடையாது. முடித்தவர்கள் விருப்பப்பட்டுத் தரும் நன்கொடையில் நடக்கிறது.

இவை உணர்வை நிச்சயம் கூர்மையாக்கும். எனக்குள்ள தயக்கம், இரண்டும் பெரும்பாலும் அசையாத நிலையில் நடக்கின்றன என்பதுதான். கண்மூடி உட்கார்ந்திருக்கும்போது தோளின் இறுக்கத்தை உணர்பவர், பாத்திரம் கழுவும்போது அதே தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு நிற்கலாம். அசைவில் உணர்வது தனிப் பழக்கம். முதுகுவலிக்காக மட்டும் பத்து நாள் முகாமுக்குப் போகாதீர்கள். நாள் முழுக்கத் தரையில் உட்காருவது வலியைக் கூட்டக்கூடும், அந்த முகாமின் நோக்கமும் வேறு. வேறொரு முறையோடு சேர்த்து, இரவில் படுத்ததும் கால் மணி நேரம் உடம்பைச் சுற்றிப் பார்ப்பது நல்லது.

மெதுவான அசைவுகளால் ஆன சீனப் பயிற்சியான தாய் சி பற்றிச் சுருக்கமாக: வயதானவர்களுக்கு, விழுந்துவிடுவோமோ என்ற பயம் உள்ளவர்களுக்கு, நல்ல ஆசிரியர் கிடைத்தால் யோசிக்காமல் சேரலாம். பார்க்கின்சன் நோயுள்ள 195 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், எடைப் பயிற்சி, நீட்சிப் பயிற்சி இரண்டையும் விட நிற்கும்போதுள்ள சமநிலையில் இது மேலான பலனைக் காட்டியது. பிலாட்டஸ் என்ற உடற்பயிற்சி முறை வயிற்றுத் தசைகளுக்கும் முதுகுக்கும் வலு தரும். உணர்வைத் தீட்டுமா என்பது முழுக்க ஆசிரியரைப் பொறுத்தது. பெரிய நகரங்களின் கருவிக் கூடங்களில் செலவும் அதிகம்.

யாருக்கு எது

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்கிறேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி வரை மிஷின்தான். வலது காலை மிதியில் வைத்திருப்பதால் எடை முழுக்க இடது பக்க இடுப்பில். ஊசியில் நூல் கோக்கும்போது முகம் கிட்டே போகிறது, கோத்த பிறகும் அங்கேயே நின்றுவிடுகிறது. வெட்டும் மேஜை தாழ்வு, குனிவது முழுக்க நடு முதுகிலிருந்து. இவருக்கு வாரம் இரண்டு நாள் வகுப்பு, தனி ஆசிரியர் என்பதெல்லாம் நடக்காத காரியம். முதலில் பணம் செலவாகாதவை: ஸ்டூலின் உயரம், நல்ல வெளிச்சம், வெட்டும் மேஜையின் கால்களுக்குக் கீழே கட்டை. அப்புறம், கடையை மூடியபின் வீட்டில் இருபது நிமிடம், குரல்பதிவைக் கேட்டு இடுப்புக் கடிகாரம். இடது வலது வித்தியாசம் அவருக்கு முதலில் தெரியப்போவது அங்கேதான். பகலில் ஒன்றே ஒன்று: நூல் கோத்து முடித்த ஒவ்வொரு முறையும் முகத்தைத் திரும்பக் கொண்டுவருவது. நாள் முழுக்கக் கவனமாக இரு என்றால் யாராலும் முடியாது. தானாக வரும் ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டுவிட்டால் முடியும்.

கணினி முன் வேலை செய்பவர், மாதம் கொஞ்சம் செலவழிக்க முடியும் என்றால், தனிக் கவனம் தரும் யோகா ஆசிரியரும், வாரத்தில் ஓரிரு நாள் ஃபெல்டன்கிரைஸ் ஒலிப்பதிவும் சேர்ந்தால் நன்றாக வேலை செய்யும். ஒன்று அசைவில் மூச்சைக் கவனிக்க வைக்கிறது, மற்றது விட்டுப்போன இடங்களைக் கண்டுபிடித்துத் தருகிறது. இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒன்றில் சேர வேண்டாம். முறைகளைத் தாவித் தாவி மாற்றுபவர்களுக்கு எதுவும் படிவதில்லை.

வாய்ப்பாட்டோ வீணையோ கற்பவர்களுக்கு, அலெக்சாண்டர் ஆசிரியர் எங்காவது சில நாள் பட்டறை நடத்தினால் அதற்காகப் பயணம் செய்வதுகூட வீண்செலவில்லை என்பேன். 2008-இன் முதுகுவலி ஆய்வில் ஆறு பாடமும் நடைப்பயிற்சியும் சேர்ந்தே கணிசமான பலன் தந்தது இங்கே தைரியம் தருகிறது. சுருதி சேர்ப்பதற்கு முன்பே தோள் எழும்புவதை ஒரு தடவை ஆசிரியரின் கை காட்டிக் கொடுத்துவிட்டால், பிறகு தினமும் சாதகத்தில் அதை நீங்களே பிடித்துக்கொள்ளலாம்.

அறுபது வயதைக் கடந்தவர்கள் தரையில் உட்கார்ந்து எழும் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம், முழங்கால் இடம் கொடுக்கும் வரை. கீழே இறங்குவதும் எழுவதும் இடுப்பு, முழங்கால், கணுக்கால், சமநிலை எல்லாவற்றையும் ஒருசேரக் கேட்கும் அசைவு. இதை அவசரப்படாமல், பக்கத்தில் ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு, எந்தக் கை எங்கே ஊன்றுகிறது என்று பார்த்துச் செய்தால் அதுவே நல்ல பாடம்.

எந்த முறையானாலும், முதல் வகுப்புக்கு முன் சிலவற்றை மருத்துவரிடம் தீர்த்துக்கொள்ளுங்கள். வலி காலுக்கு இறங்கி மரத்துப்போவது, கை கால் பலம் குறைவது, விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ கூட இருப்பது. சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போனால், மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போனால், தாமதிக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவற்றுக்கு உடலுணர்வுப் பயிற்சி மருந்தல்ல.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழைவிட முதல் வகுப்பில் அவர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். "நாள் முழுக்க என்ன வேலை செய்வீர்கள், எப்படி உட்காருவீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேட்பவரிடம் நம்பிப் போகலாம். வலித்தால் "வலி நல்லதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். அசைவின் நடுவே "இப்போது எங்கே உணர்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் பதில் தேடும் வரை பேசாமல் காத்திருக்கிறாரா என்று பாருங்கள். அப்படிக் காத்திருப்பவர் கிடைத்தால், அவர் வகுப்பின் பெயர்ப்பலகையில் எந்த முறை எழுதியிருந்தாலும் மூன்று மாதம் அவரிடமே தொடருங்கள்.